கபாலதாசன் கொல்லாமல் விட்ட பெண்

அக்டோபர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் என் கடைக்கு வந்தார். கையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. திருப்பூரில் லேபிள் கடை வைத்திருப்பவனிடம் ஒருவர் டப்பாவோடு வந்தால் சாம்பிள் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். நானும் மேஜையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்ததும் பழைய நியூஸ்பிரிண்ட் தாளின் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை எது என்று உங்களுக்கும் தெரியுமென்றால் உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். உள்ளே அடுக்கடுக்காகப் பாக்கெட் நாவல்கள். எல்லாம் கபாலதாசன் எழுதியவை.

கபாலதாசனின் அரிய படைப்புகளையும் அச்சில் வராத படைப்புகளையும் தொகுத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகமாகக் கொண்டுவரப் போகிறாராம். அரிய படைப்புகள் அவரிடமே இருந்தன. ஏதோ ஒரு தீபாவளி மலரில் வந்த குட்டிச்சாத்தான் கதை, ஒரு ஜோசியப் பத்திரிகையில் வேறு பெயரில் எழுதிய தொடர், பல்பொடி விளம்பரத்துக்காக எழுதிக் கொடுத்த ஒரு பக்கப் பேய்க்கதை. கடைசியில் பேய் பல் தேய்த்துவிட்டுச் சிரிக்கும். அச்சில் வராதவைதான் அவருக்குச் சிக்கவில்லை.

"கடைசிக் காலத்துல அவரும் நீங்களும் ஒரே கம்பெனில இருந்தீங்கன்னு சொன்னாங்க சார். கையெழுத்துப் பிரதி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பார்ட்டிக்கு அனுப்ப வேண்டிய லேபிள் கட்டை இன்னொரு பார்ட்டிக்கு அனுப்பித் திட்டு வாங்கினேன். மூக்கில் அந்த வாசனை நின்றுகொண்டே இருந்தது.

என் சொந்த ஊரான கணியூரில் எங்கள் வீதி முனையில் ஒரு சைக்கிள் கடை உண்டு. பஞ்சர் ஒட்டுவது முக்கியத் தொழில், பாக்கெட் நாவலை வாடகைக்கு விடுவது உபதொழில். ஆகவே கபாலதாசன் என்றாலே எனக்கு பஞ்சர் சொலூஷன் வாசனையும் கூடவே வரும். பக்கத்துக்குப் பக்கம் கடைக்காரரின் கிரீஸ் கைரேகை இருக்கும். அட்டையில் எப்போதும் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள். ஏன் அலறினாள் என்பது உள்ளே வரவே வராது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. பின்னட்டையில் கபாலதாசன் இருப்பார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மண்டையோட்டு டாலர், கன்னத்தில் கை. மயானத்தில் உட்கார்ந்துதான் எழுதுவார் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வார், ஏதோ தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் போல. எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில் புளியமரத்தைத் தாண்டி இருந்தது. பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை நான் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் அங்கே போனேன். அதற்குக் காரணம் கபாலதாசன்தான். "சீக்கிரம் வா கண்ணு, நாடகம் போயிரும்" என்று அம்மா வெளியில் நின்று கத்துவாள்.

டிகிரி முடித்துத் திருப்பூருக்கு வந்து, மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் சேர்ந்தேன். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கித் தைத்து, செக்கிங் பண்ணி, திருப்பி அனுப்புகிற இடம். எனக்கு பில் போடுகிற வேலை. முதல் நாள் உள்ளே நுழையும்போது கேட் ஓரத்தில் டைம்கீப்பர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, மடித்துக் கட்டிய வேட்டி, கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோடு அவர் கன்னத்தில் கை வைத்திருக்காவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

"நீங்க கபாலதாசனுங்களா?" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி. இங்க பழனிச்சாமிங்க" என்றார்.

தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்த குடும்பம். முருகனைத் தவிர வேறு சாமி தெரியாத அந்தக் குடும்பத்தில் பிறந்து, பேயை வைத்துப் பிழைத்தவர். பிறகு டிவியில் பேய் இலவசமாக வர ஆரம்பித்தது. மாத நாவல் விற்பனை படுத்துவிட்டது, பதிப்பாளரும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மச்சினர் நடத்திய எங்கள் கம்பெனியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த மண்டையோட்டு டாலர் போட்டோ ஸ்டுடியோக்காரருடையதாம். மயானத்தில் எழுதுபவர் என்று நான் நம்பிய மனிதர், பல்லி கத்தினால் "முருகா" என்று நெஞ்சில் கை வைப்பார். எனக்கு மகா ஏமாற்றம். கொல்லையில் நான் பட்ட பயமெல்லாம் வீண்தானா என்று இருந்தது.

"இப்ப எழுதறதே இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேனாவத் தொட்டா கை தானா 'வீல் என்று அலறினாள்'னு எழுதிருதுங்க. அதுக்கு மேல நகர மாட்டீங்குது" என்றார்.

அது மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம். நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். இந்த வாரம் காலையில், அடுத்த வாரம் மதியத்தில் என்று முறை வைத்து நிறுத்துவார்கள். அக்கம்பக்கத்துப் பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை. எங்கள் கட்டடம் முன்பு நூல் குடோனாக இருந்தது. பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. நடுப்பகலில் லைட் போட்டால்தான் ஊசி தெரியும். கரண்ட் போனதும் அத்தனை மெஷினும் ஒரே மூச்சில் அடங்கிவிடும். ஆட்கள் நழுவிப் போய்விடக் கூடாதென்று முதலாளி ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, டைம்கீப்பரையும் உள்ளே போய் உட்காரச் சொல்வார். வேர்வையும் மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் பசை வாசனையும் சேர்ந்து அடிக்கும் இருட்டில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

பழனிச்சாமி ஐயாவுக்கு இருட்டில் சும்மா உட்கார முடியாது. காலை ஏதோ தொடுகிற மாதிரி இருக்குமாம். பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது என்று அவராகவே பேச ஆரம்பித்தார். முதல் நாள் அரிசி விலையைப் பேசினார், மறுநாள் பழனிக்கு நடந்துபோனதைப் பேசினார். மூன்றாவது நாள் பேச எதுவும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்.

"தெக்க இருந்து ஒரு புள்ள பழைய பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குச்சுங்க. கையில ஒரு பேக். வேலை தேடி வந்த புள்ள."

அவ்வளவுதான். குடோனில் அசைவே இல்லை. எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் அப்படி வந்து இறங்கியவர்கள்தானே.

அந்தப் பெண் 'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்குகிற ஒரு கம்பெனிக்குள் போவாள். காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். யாரும் அவளிடம் பேச மாட்டார்கள். புது ஆளிடம் யார் உடனே பேசப்போகிறார்கள் என்று அவளும் நினைத்துக்கொள்வாள். சனிக்கிழமை சம்பளக் கவர் கொடுக்கும்போது எல்லோர் பெயரும் வரும், அவள் பெயர் மட்டும் வராது. விட்டுப்போயிருக்கும், திங்கட்கிழமை கேட்கலாம் என்று போவாள். திங்கட்கிழமையும் யாரும் அவள் பக்கம் திரும்ப மாட்டார்கள். இந்தக் கம்பெனி சரியில்லை என்று வேறு போர்டு தேடிக் கிளம்புவாள். அவள் செத்துவிட்டாள் என்று பழனிச்சாமி ஐயா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "ஊருக்கே தெரிஞ்சது அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரியாதுங்க" என்பார். இருட்டில் எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு கேட்கும்.

கரண்ட் வந்தால் கதை அந்தச் சொல்லோடு அறுந்துவிடும். மெஷின் சத்தத்தில் யார் பேசினால் யாருக்குக் கேட்கும்? "நாசமாப் போற கரண்டு வந்துருச்சே" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். கரண்ட் வந்ததற்காக மின்வாரியத்தைத் திட்டிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

கேட்கிறவர்கள் சும்மா கேட்கவில்லை. முதலில் அந்தப் பெண்ணை அவர் தையல் மெஷினில்தான் உட்கார வைத்திருந்தார். டெய்லர் முருகேசன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏனுங்க ஐயா, பீஸ் எடுத்துக் குடுக்கக் கைமடி ஒரு ஆள் வேணுமல்லங்க? இவ கண்ணுக்கே தெரியாதவ, இவளுக்கு எவ கைமடி நிப்பா?" என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் மின்வெட்டில் அந்தப் பெண் செக்கிங் டேபிளுக்கு மாற்றப்பட்டாள். பேயாக இருந்தாலும் திருப்பூரில் தொழில்முறைப்படிதான் நடந்துகொள்ள வேண்டும்.

அச்சில் வந்த நாவல்கள் எதிலும் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ரத்தம் மட்டும்தான் ஓடும். இந்தக் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பசித்தது. டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில் மற்றவர்களின் குழம்பு வாசனையைக் கொண்டு, யார் எந்த ஊர் என்று கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவர் எழுதியதை ஏறக்குறைய எல்லாம் படித்தவன். இதுதான் அவருடைய ஒரே நல்ல கதை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். புதிதாக வாங்கிய நோக்கியா போனில் ஒருநாள் ரெக்கார்ட் பண்ணப் பார்த்தேன். போன் வெளிச்சத்தைக் கண்டதும் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பிறகு போட்டுக் கேட்டபோது அடுத்த கம்பெனி ஜெனரேட்டர் மட்டும் அருமையாகப் பதிவாகியிருந்தது.

ஒருநாள் மதியம், அந்தப் பெண் நூல் பிசிறு வெட்டுவதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், "டிரிம்மர எடக்கைலதான் புடிப்பாளுங்க" என்றார்.

செக்கிங் டேபிள் பக்கம் ஸ்டூல் விழுகிற சத்தம் கேட்டது. "எங்க ஸ்டெல்லாவும் இடக்கைதான்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. மரியபுஷ்பம் அக்கா.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரும் தங்கை ஸ்டெல்லாவும் ஒன்றாக வந்து, ஒரு லைன் வீட்டில் தங்கி, வேறு வேறு கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போன ஸ்டெல்லா திரும்பி வரவில்லை. நான் கம்பெனியில் சேர்வதற்கு முந்தைய வருஷம் நடந்தது. யாருடனாவது போயிருப்பாள் என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். வெள்ளகோவிலில் ஒரு மில்லில் பார்த்ததாக யாரோ சொல்ல, மரியபுஷ்பம் அக்கா லீவு போட்டுவிட்டுப் போனார். அது வேறு பெண். ஆனாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

பழனிச்சாமி ஐயாவுக்கு இதெல்லாம் தெரியாது. பேய்க்கு ஏதாவது ஓர் அடையாளம் வைப்பது அவருடைய வழக்கம். ஒரு நாவலில் ஆறு விரல், ஒன்றில் மாறுகண், இதில் இடக்கை. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மரியபுஷ்பம் அக்கா கேட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஐயா, அந்தப் பிள்ளய செத்துட்டான்னு மட்டும் சொல்லிராதீங்க."

"அது சும்மா கதைங்க அம்மிணி" என்றார் அவர்.

"கதைதான், தெரியும். இருந்தாலும் சொல்லாதீங்கய்யா. எங்க அம்மை அங்க தெனமும் வாசல்ல லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கா."

அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலம் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே ரொம்ப நேரம் நின்றார். "எத்தனையோ பேரக் கொன்னிருக்கறனுங்க தம்பி. கெணத்துல தள்ளியிருக்கறன், தீ வெச்சிருக்கறன். சொந்தக்காரங்கன்னு ஒருத்தரும் வந்து கேட்டதில்லீங்க. இப்ப என்னங்க பண்றது?" என்றார். நான் பில் போடுகிறவன். எனக்கு என்ன தெரியும்? டீ ஆறிப்போகுதுங்க என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய சங்கடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது பேய்க்கதை. கேட்கிற அத்தனை பேரும் பேய் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தான் செத்தது எப்போது தெரியவரும், எப்படிச் செத்தாள், யார் காரணம் என்பதுதான் இனி வர வேண்டும். அதை நோக்கித்தான் அவரும் வந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பக்கம் போக வழியில்லை. நிறுத்திவிடலாம் என்றால் இருட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். மரியபுஷ்பம் அக்காதான் முதல் ஆளாக முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு.

ஆகவே அவர் அந்தப் பெண்ணை அடுத்த கம்பெனிக்கு அனுப்பினார். அங்கேயும் சனிக்கிழமை பெயர் வராமல் போனதும் அதற்கு அடுத்த கம்பெனி. கொங்கு நகரில் பச்சை கேட் போட்ட கம்பெனி, அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்த கம்பெனி, காதர்பேட்டையில் மூத்திரச் சந்தைத் தாண்டிப் போகிற கம்பெனி. எல்லாம் நிஜமாகவே அங்கே இருந்தவை. "எங்க ஏரியாவுக்கு வந்துட்டாடீ" என்று பெண்கள் கையைக் கிள்ளிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. முருகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, அவ எப்படிங்க செத்தா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டார். "வருமுங்க, வருமுங்க" என்று பழனிச்சாமி ஐயா சமாளித்தார். அந்த இருட்டில் அவர் முகத்தை யாரும் பார்க்க முடியவில்லை, அது ஒரு வகையில் நல்லது.

அந்த ஐப்பசியில் மரியபுஷ்பம் அக்காவின் அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போய்விட்டு வந்தவர் இனி இங்கே இருக்கப்போவதில்லை என்றார். வீட்டையும் அம்மா வளர்த்த ஆடுகளையும் பார்க்க ஆள் இல்லை. கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பும் நாளன்று மதியம் கரண்ட் போனது. எல்லோரும் உட்கார்ந்தோம். பழனிச்சாமி ஐயா தொண்டையைக் கனைத்தார். அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் மரியபுஷ்பம் அக்கா பேசினார்.

"ஐயா, இன்னைக்கு முடிச்சிருங்க."

"அம்மிணி?"

"செத்துட்டான்னு சொல்லிருங்கய்யா."

அவர் அழவில்லை. கூலிக்கு ஆள் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார். "போலீசு சொல்ல மாட்டேங்கான். சாமியாரும் சொல்ல மாட்டேங்காரு, ஜெபம் பண்ணுன்னுதான் சொல்லுதாரு. அம்மை சாகும்போதும் வாசலத்தான் பாத்துக்கிட்டு கெடந்தா. இனி என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுய்யா. யாராச்சும் ஒரு ஆளு வாயத் தொறந்து சொன்னாப் போதும். நீங்க சொன்னா நா நம்பிருவேன். அவளுக்கு ஒரு பூசை வச்சிட்டு சிவனேன்னு இருந்துக்கிடுவேன்."

ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சத்தில் பழனிச்சாமி ஐயாவின் செருப்பு மட்டும் தெரிந்தது. பிறகு ஆரம்பித்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் நிற்கிறாள். ஊருக்குப் போகிற பஸ் வருகிறது. கை காட்டுகிறாள், நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது. தன் கையைத் தூக்கிப் பார்க்கிறாள். அவர் அங்கே நிறுத்தினார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இதோ வருகிறது என்று. என் பக்கத்தில் முருகேசன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம் அவ... அப்பறம் அவ ராயபுரம் பக்கம் நடந்தாளுங்க" என்றார் பழனிச்சாமி ஐயா. "அங்க ஒரு கம்பெனிங்க. நீல கேட்டு. ஆள் வேணும்னு போர்டு தொங்குச்சுங்க. உள்ள போனாளுங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. "என்னால ஆகலீங்க அம்மிணி. மன்னிச்சுக்கங்க" என்றார்.

மரியபுஷ்பம் அக்கா எழுந்து, இருட்டிலேயே தடவி டிபன் பாக்ஸை எடுத்துக் கூடையில் வைத்தார். "சரிங்கய்யா" என்றார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார்.

எனக்கு அந்த மனிதர் மேல் பயங்கரக் கோபம். அது இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒரே ஒரு சொல். கொல்லையில் என்னை நடுங்க வைத்த காலத்தில் எத்தனை தடவை அந்தச் சொல்லைக் கூசாமல் எழுதியிருப்பார்! ஒருத்திக்கு அது தேவைப்பட்ட நாளில் வாயில் வராமல் போய்விட்டதே என்று ஆத்திரம். சில சமயம், அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ராயபுரம் பக்கம்தான் போயிருப்பேனோ என்றும் தோன்றும். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு அவர் கதை சொல்லவில்லை. கரண்ட் போனால் ஷட்டர் ஓரமாக வெளிச்சத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார். அப்புறம் சாயப்பட்டறைகளை மூடிய சமயத்தில் வேலை வராமல் எங்கள் கம்பெனியும் நின்றுபோனது. பழனிச்சாமி ஐயா ஒரு பங்குனியில், மஞ்சள் காமாலை முற்றி இறந்தார். நாங்கள் ஒரு பத்துப் பேர் போயிருந்தோம். பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் ஒருநாள் மரியபுஷ்பம் அக்கா போன் பண்ணினார். பி.எஃப். விஷயமாக என் நம்பரை வாங்கிப் போயிருந்தார். அன்றைக்குக் கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற நாள். அம்மாவுக்கு ஏற்றிவிட்டு வந்தாராம். "ஐயா சொகமா இருக்காகளா தம்பி?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு 'சேசுவே' மட்டும் கேட்டது. பிறகு, "அந்தப் பிள்ள இன்னும் ராயபுரத்துலயா இருக்கா?" என்றார்.

அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். "இல்லீங்கக்கா, இப்ப பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு கம்பெனிக்குப் போயிட்டா" என்றுதான் வந்தது. "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போன் வரும். வேறு எதுவும் அதிகம் பேச மாட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்பார், சொல்வேன். லேபிள் கொடுக்கப் போகிற கம்பெனிகளாகப் பார்த்து முன்கூட்டியே ஒன்றை யோசித்து வைத்துக்கொள்வேன். கோபித்துக்கொண்டேனே பழனிச்சாமி ஐயாவை, அவர் விட்ட இடத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். இதைப் போய் அந்தக் கோயம்புத்தூர் இளைஞரிடம் எந்தப் பக்கத்தில் போடச் சொல்வது?

அவர் வந்து போன மறுவாரமே இந்த வருஷத்துக் கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. காலையிலிருந்து மழை. நான் எதுவும் யோசித்து வைக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதைவிட, யோசித்தும் கிடைக்கவில்லை என்பதே சரி. பச்சை கேட் கம்பெனி கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. ராயபுரம் நீல கேட்டுக்குள் இப்போது கார் சர்வீஸ் நடக்கிறது. ஓடுகிற பெரிய கம்பெனிகளிலோ கேட்டில் போர்டு தொங்குவதில்லை. கான்ட்ராக்டர் வேனில் ஒடிசா, பீகார் ஆட்கள் மொத்தமாக வந்து ஹாஸ்டலில் இறங்குகிறார்கள். நான் லேபிள் கொடுக்கப் போனாலே செக்யூரிட்டி நிறுத்தி வைத்து உள்ளே போனில் கேட்டுவிட்டுத்தான் விடுகிறான். கையில் ஒரு பேக்கோடு போர்டைப் பார்த்து யாரும் அப்படியே உள்ளே நடந்துபோன காலம் போயே போய்விட்டது.

சாயங்காலம் போன் வந்தது. அக்காவின் குரலில் வயது தெரிந்தது.

"தம்பி, இப்ப எந்தக் கம்பெனில இருக்கா?"

பொய் சொல்ல ஒரு கம்பெனி அகப்படவில்லை. "அக்கா, இப்பெல்லாம் எல்லா எடத்துலயும் ஆதார் கேக்கறாங்க. வாசல்லயே ரேகை வெச்சாத்தான் உள்ள விடறாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. அவர் யோசிக்கிறார் என்று புரிந்தது.

"அப்ப வெளியிலயா நிக்கா?"

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அங்கன மழையா தம்பி?"

"ஆமாங்க அக்கா. காலைல இருந்து."

"கொட எடுத்துட்டுப் போகலியே அவ" என்றார்.